கொடுத்தது செல்லுமா, எடுத்தது செல்லுமா?

வாசகர் கேள்வி, 8 ஜூன் 2025

"நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. 15 வயதில் திடப்படுத்தலும் (கன்ஃபர்மேஷன்) ஆயிற்று. இப்போது நிச்சயமாகியிருக்கும் வீட்டார் பெந்தெகொஸ்தே. தண்ணீரில் முழுகி எடுத்தால்தான் எங்கள் சபையில் கல்யாணம் என்கிறார் அவர்களுடைய பாஸ்டர். எடுத்துவிடு, இதில் என்ன இருக்கிறது என்கிறார் மாப்பிள்ளை. அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. முதலில் கொடுத்தது செல்லுமா, செல்லாதா?"

8 ஜூன், இரவு

செல்லும்.

சி.எஸ்.ஐ. மட்டுமல்ல, கத்தோலிக்கர், லுத்தரன் எல்லாருக்கும் இதில் ஒரே பேச்சுதான். தண்ணீரும், பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்ற நாமமும் இருந்தால் ஆயிற்று. மறுபடி கொடுக்கக் கூடாது. 1982-இல் பெரு நாட்டு லிமாவில் பல சபைகளின் இறையியலாளர்கள் கூடி முடித்த அறிக்கையும் ஞானஸ்நானம் திரும்பச் செய்ய முடியாதது என்றே சொல்கிறது. எபேசியர் 4:5-ஐ எடுத்துப் பாருங்கள், "ஒரே ஞானஸ்நானம்" என்று இருக்கும். அந்த பாஸ்டரும் இதே வசனத்தைத்தான் காட்டுவார். அந்த ஒன்று எது என்பதில்தான் சண்டை.

அம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

9 ஜூன்

நேற்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நானே இரண்டாவது தடவை எடுத்தவள்.

2000-ஆம் வருஷம். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது, 22 வயது. விடுதியில் கூட இருந்த அக்கா ஒருவர் ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப் போனார். பாமாலையும் பதிலுரையும் கேட்டு வளர்ந்தவளுக்கு, என் பெயரைச் சொல்லி, என் தலைவலிக்காக ஜெபித்த முதல் கூட்டம் அது. நாலு மாதம்கூட ஆகவில்லை, "எப்போ எடுக்கப் போறே?" என்று எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு, பம்புசெட் தொட்டி. ஜனவரி மாதம், விடிந்தும் விடியாத நேரம். அன்றைக்கு ஏழு பேர், நான் நாலாவது. வெள்ளைச் சுடிதார் தண்ணீரில் உப்பி மேலே வரக் கூடாது என்று அந்த அக்கா கீழ் மடிப்பில் ஐந்தாறு சேஃப்டி பின் குத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு இரும்பு வாஷரைக் கோத்துவிட்டிருந்தார். மோட்டார் சத்தத்தில் பாஸ்டர் கேட்டதில் பாதி காதில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் "ஆம்" என்றேன். அவருடைய ஒரு கை என் முதுகுக்குப் பின்னால், இன்னொரு கையில் என் மூக்கைப் பொத்த மடித்த கைக்குட்டை. "பிதா, குமாரன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காலடியில் பாசி வழுக்கி நானாகவே உள்ளே போய்விட்டேன். இருமிக்கொண்டு எழுந்தால் கரையில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. முதலிலிருந்து சொல்லி, மறுபடி முழுக்கினார்.

ஆக என் கணக்கு இரண்டரை.

9 ஜூன், மாலை

பாசி வழுக்கியதையும் சேர்த்தால் மூன்று என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். பரிசுத்த ஆவி வரைக்கும் வரவில்லை ஐயா. அதனால்தான் அரை.

12 ஜூன்

எங்கள் ஊரில் "பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாச்சா?" என்பார்கள். ஜெபவீட்டில் "ஞானஸ்நானம் எடுத்தாச்சா?" இரண்டு இறையியலும் இந்த இரண்டு வினைச்சொல்லில் அடங்கிவிடுகிறது என்று அந்த வயதில் பெரிய கண்டுபிடிப்பாக டைரியில் எழுதி வைத்தேன். கொடுத்தது மற்றவர்கள் செய்தது. எடுத்தது நான் செய்தது. நான் செய்ததுதானே என்னுடையது?

கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள். பெயர்தான் முழுக்கு, தலையில் ஊற்றுவது ஒரு சிறு கிண்ணம். எங்கள் பக்கம் மட்டும் என்ன, ஸ்நானம் என்று பெயர் வைத்துக்கொண்டு மூன்று தடவை விரலை நனைத்துத் தடவுவார்கள். இதைக் குளியல் என்று எந்தத் தமிழனும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

முழுக்குக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. வேலைக்கு முழுக்குப் போட்டான், உறவைத் தலைமுழுகினான். அந்த வருஷம் ஈஸ்டருக்கு ஊருக்குப் போய்த் தொட்டி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிவாள்மனையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "அப்போ எங்களைத் தலைமுழுகிட்டே" என்றாள். அதைக் கேள்வி என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ரோமர் 6-இல் பவுல் சொல்வதும் ஏறக்குறைய அதுதான், பழைய மனுஷன் செத்து அடக்கமாவது. ஆனால் அவர் தலைமுழுகச் சொன்னது பாவத்தை. அம்மாவை இல்லை. இந்தப் பதில் எனக்கு அன்றைக்கு வரவில்லை, 25 வருஷம் தாமதம்.

15 ஜூன்

முழுக்குதான் வேதப்படி, தெளிப்பது மனுஷக் கற்பனை என்று ஒருவர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். கிரேக்கச் சொல்லுக்கு அமிழ்த்துவது என்றுதான் பொருள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'திதகே' என்று ஆதிச் சபையின் ஒழுங்குமுறை ஒன்று இருக்கிறது, புதிய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகங்களுக்கு ஏறக்குறைய ஒட்டிய காலத்தது. ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீர், எதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. தண்ணீர்ப் பஞ்சம் பார்த்தவர் யாரோ எழுதியது போல இருக்கிறது.

இன்னொன்று. மறு ஞானஸ்நானம் என்று உலகமே பேசிய சம்பவம் 1525 ஜனவரியில் சூரிச்சில் நடந்தது. கொன்ராட் கிரேபெல் என்பவர் கியோர்க் பிளௌரோக்குக்குக் கொடுத்தார். ஒரு வீட்டுக்குள், ஊற்றித்தான் கொடுத்தார்கள். அவர்களுக்கு அளவு பிரச்சினை இல்லை, விசுவாசித்த பிறகு கொடுப்பதுதான் பிரச்சினை. இரண்டே வருஷத்தில், 1527 ஜனவரியில், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் மான்ஸை நகர மன்றம் கைகால் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. தண்டனை கொடுத்தவர்களும் கிறிஸ்தவர்கள், குழந்தை ஞானஸ்நானம் பெற்றவர்கள். காரணம் வெறும் வேத வியாக்கியானமாகவா இருந்திருக்கும்? அந்த ஊரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை நகரத்தின் குடிமகனும் ஆகிறது. அதை மறுத்தால் ஊரையே மறுத்த மாதிரி. அம்மாவின் முருங்கைக்காய் ஞாபகம் வருகிறதா?

எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று கணக்கு வைக்கிறவர்களுக்காக: 1 கொரிந்தியர் 1-இல் பவுல், கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும்தான் கொடுத்தேன் என்று ஆரம்பிக்கிறார். அப்புறம் ஸ்தேவான் வீட்டார் ஞாபகம் வந்து சேர்த்துக்கொள்கிறார். அப்புறம் வேறு யாருக்காவது கொடுத்தேனோ, தெரியாது என்று விட்டுவிடுகிறார். முத்துக்குளித்துறையில் இருந்த சவேரியாரோ 1544-இல் எழுதிய கடிதத்தில், கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்கிறார். இரண்டு பேரும் புனிதர்கள். எனக்குப் பிடித்தது மறந்துபோனவர்.

22 ஜூன்

மேலே ஒருவர் எழுதியிருப்பதற்குப் பதில். 12 வருஷமாக விசுவாசிக்கிறார், ஞாயிறு தவறாமல் போகிறார், ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை, எடுத்தால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடும், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்கிறார்.

வருத்தமாக இருக்கிறது. இரண்டு படகில் கால் வைப்பதுதானே இது? அப்போஸ்தலர் 8-இல் வரும் எத்தியோப்பிய மந்திரி வழியில் தண்ணீரைக் கண்டவுடன் "தடையென்ன?" என்று கேட்டார். பதவியைப் பற்றி யோசிக்கவில்லை.

24 ஜூன்

மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

என் சாதி பி.சி. ஞானஸ்நானத்தால் என் சான்றிதழில் ஒரு எழுத்தும் மாறவில்லை, எனக்கு ஒரு பைசா செலவில்லை. தொட்டியில் இறங்கினதற்கு நான் கொடுத்த விலை ஒரு சளி. இந்த இடத்திலிருந்து அவருக்கு மந்திரியின் கதை சொல்லியிருக்கிறேன். அந்த மந்திரி சந்தோஷத்தோடே தன் வழியே போனார் என்பதும் கதையில் இருக்கிறது. அவர் வேலை போனதாகக் கதையில் இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்கு: 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. சலுகை மொத்தமும் போய்விடும் என்று சிலர் எழுதியிருப்பது சரியில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பி.சி. பட்டியலுக்குப் போகிறார். ஆனால் போட்டியும் உதவித்தொகையும் வேறு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் வேறு. கோயிலில் (சர்ச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) முழுகி எழுந்தவுடன் தெருவில் அவரை வேறு மாதிரியா நடத்தப் போகிறார்கள்?

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புதுச்சேரி வழக்கையும் பாருங்கள். கைக்குழந்தையாகத் திருமுழுக்கு பெற்ற ஒரு பெண், தான் இந்துவே என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். கிடைக்கவில்லை. அவர் சர்ச்சுக்குப் போவதோடு, திருமுழுக்குப் பதிவும் வழக்கில் எதிராக வந்தது. குழந்தைக்குக் கொடுத்தது செல்லுமா என்ற நம் கேள்விக்கு, சபைகளை விட அழுத்தமாகப் பதில் சொன்னது நீதிமன்றம்தான்.

சென்னையில் 1980-களில் குருகுல் இறையியல் கல்லூரியில் இருந்த ஹெர்பர்ட் ஹோஃபர், ஞானஸ்நானம் பெறாமல் கிறிஸ்துவை நம்புகிறவர்களைத் தேடிப் பேசி ஆய்வே எழுதினார். மறைத்து வாழ்கிற கோழைகள் என்று அவர்களை ஒதுக்கவில்லை, சபை இவர்களை எங்கே வைக்கப் போகிறது என்று சபையைத்தான் கேட்டார்.

கிளாரிந்தா அம்மையார் கதை இதற்கு நேர் எதிர். அவர் கேட்டார், மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் (போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்) கொடுக்கவில்லை. ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்கிறார் என்று காரணம். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் பாளையங்கோட்டையில் கொடுத்தார். 1780-இல் எழுதத் தொடங்கிய சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள், முதல் பெயர் அவருடையது. 1785-இல் கோயிலையும் கட்டிவிட்டார். அவர் காத்திருந்த காலத்தில் அவருக்கு என்ன பெயர்? உள்ளேயா, வெளியேயா?

சான்றிதழ் பற்றி எழுதிய அந்த ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

25 ஜூன்

"மன்னிப்பெல்லாம் வேண்டாம், அடுத்த தடவை மந்திரிக்குப் பதிலா ராத்திரியில இயேசுகிட்ட வந்த நிக்கொதேமுவைச் சொல்லுங்க" என்று பதில் போட்டிருக்கிறார். சரி, வாங்கிக்கொண்டேன்.

6 ஜூலை

இன்று ஆராதனையில் கலாத்தியர் 3 வாசித்தார்கள். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை." ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பற்றிய வசனம் இது என்பதை வழக்கமாக மறந்துவிடுவோம், முந்தின வசனம் அதைத்தான் சொல்கிறது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஒருவர் தன் பையனுக்குப் பெண் பார்க்கிறார். "சி.எஸ்.ஐ.யா இருக்கணும், நம்ம ஆளா இருக்கணும்." முதலாவது தளர்ந்தாலும் தளரும், இரண்டாவது தளராது.

வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு இரண்டு சிறகாகக் கோயில் கட்டி நடுவில் சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள், ஒரு சாதி இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம். 1910-இல் அந்தச் சுவரை இடித்தார்கள். 1833-இல் கல்கத்தா பிஷப் வில்சன் சாதி கூடாது, ஒன்றாக உட்கார வேண்டும், ஒன்றாக இராப்போஜனம் (நற்கருணை) எடுக்க வேண்டும் என்று ஆணை போட்ட பிறகு தஞ்சாவூரில் ஆட்கள் கூட்டமாகச் சபையை விட்டுப் போனார்கள். தொட்டித் தண்ணீரில் எல்லாரும் இறங்குவார்கள், ஒரே பாத்திரத்தில் குடிக்கத்தான் கஷ்டம்.

எங்கள் ஜெபவீட்டில் இது இல்லை என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இருந்தது. அங்கே கல்யாணம் பேசும்போது மட்டும் வெளியே வரும்.

19 ஜூலை

கல்லறை பற்றி ஒருவர் கேட்டதால் சித்தப்பா கதை.

சித்தப்பா 1990-களிலேயே ஊர்க் கோயிலை விட்டு ஒரு தனிச் சபைக்குப் போனவர். முழுக்கு எடுத்தார், நகையைக் கழற்றினார், ஊர்க் கோயிலுக்குச் சங்கம் கட்டுவதை நிறுத்தினார். (வெளியூர்க்காரர்களுக்கு: சங்கம் என்பது சபையில் இருப்பவர்கள் கட்டும் சந்தா.) 2011-இல் இறந்துபோனார். அவருடைய சபைக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டம் கிடையாது, வாடகை ஹாலில் நடக்கிற சபைக்கு எங்கே நிலம்? ஊர்க் கல்லறைக்குத்தான் வர வேண்டும். கமிட்டி கூடியது. கோயில் பெஞ்சில் நோட்டை விரித்து எத்தனை வருஷப் பாக்கி என்று ஒருவர் கூட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் சித்தப்பா குளிர்பெட்டிக்குள் கிடந்தார், பெட்டியின் கண்ணாடி வியர்த்து வியர்த்து முகம் மறையும், சித்தி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா போய்ப் பணத்தைக் கட்டினார். ரசீது கொடுத்தார்கள். செத்தவர் பெயரில், நடப்பு வருஷம் வரை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா சொன்னார்: "ஞானஸ்நானம் ஒரு தடவைதான். சங்கம் வருஷா வருஷம்."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான். அதற்கு முன்பே நான் ஜெபவீட்டை விட்டிருந்தேன், சண்டை ஒன்றுமில்லை, சென்னைக்கு மாற்றலாகி வந்த பிறகு தொடர்பு விட்டுப்போயிற்று. மூன்று மாதம் போகவில்லை என்றால் அங்கே யாரும் தேடவில்லை. ஊர்க் கமிட்டியோ பாக்கிக்காகவாவது பெயரை எழுதி வைத்திருந்தது. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

17 ஆகஸ்ட்

ஊருக்குப் போய் வந்தேன், எங்கள் கோயில் அசனம். ஆயிரம் பேருக்குச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, பந்திக்குப் பந்தி வாளி ஓடுகிறது. ஞானஸ்நானம் ஆச்சா என்று கேட்டு யாரும் இலை போடவில்லை, பக்கத்துத் தெரு இந்துக்களும் பாத்திரத்தோடு வந்திருந்தார்கள். எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தவர் எந்தச் சபை என்று கடைசி வரை தெரியவில்லை, எலும்பை எனக்குத் தள்ளிவிட்டார்.

மறுநாள் சேகரத்து ஐயரிடம் கேட்டு என் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்தேன். ஒரு சின்னக் காரணம்தான், இந்த இழையில் எத்தனை தடவை என்று பேசிக்கொண்டிருக்கிறோமே, முதலாவதின் தேதிகூட எனக்குச் சரியாகத் தெரியாது. கரும்பச்சை அட்டை போட்ட நீளப் பதிவேடு, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. 1978. பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், தொழில், ஊர். ஞானத்தாய் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக நிற்பவர்) என்ற இடத்தில் அத்தை பெயர் இருக்கும் என்று நினைத்திருந்தேன், 47 வருஷமாக அத்தையை அப்படித்தான் சொல்லி வந்தேன்.

அத்தை பெயர் இல்லை. தெற்குத் தெருவில் கருப்பட்டி காய்ச்சும் பாட்டி ஒருவர் பெயர் இருந்தது.

அம்மாவிடம் கேட்டேன். சாவகாசமாகச் சொல்கிறாள்: "உங்க அத்தை வந்த பஸ் பழுதாயிட்டு. ஐயர் அடுத்த ஊருக்குப் போணும்னு நின்னார். பக்கத்துல நின்னவங்களைக் கூப்பிட்டோம்." அப்போது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எனக்காகப் பதில் சொன்னது அவர்தான். மோட்டார் சத்தம் இல்லாத கோயிலில், எல்லாவற்றையும் கேட்டுச் சொல்லியிருப்பார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தப் பாட்டி ஒரு ஓலைக் கொட்டானில் சில்லுக்கருப்பட்டி கொண்டுவந்து என் கையில் தருவார். தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் தருகிறார் என்றே நினைத்திருந்தேன். தம்பியிடம் கேட்டேன். "எனக்கு எப்பக்கா தந்தாங்க? நீதான் ஒளிச்சு வச்சுத் தின்னே" என்றான். நான் தொட்டியில் முழுகின வருஷமும் கொட்டான் வந்தது, அது ஞாபகம் இருக்கிறது, அந்தத் தடவை அவரால் நடக்க முடியாமல் பேரன் கையில் கொடுத்தனுப்பினார்.

கல்லறைத் தோட்டத்தில் தேடினேன். 2009 என்று மட்டும் ஆணியால் கீறிய ஒரு சிமெண்ட் சிலுவையைக் காட்டினார்கள், அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

18 ஆகஸ்ட்

12 ஜூன் குறிப்பில் "எடுத்தது நான் செய்தது" என்று டைரியில் எழுதியதாகச் சொன்னேன் அல்லவா? தொட்டியிலும் நானாகப் போனது அந்த அரை மட்டும்தான், பாசி வழுக்கி. மற்றதெல்லாம் யாரோ ஒருவர் கைதான். டைரியைத் திருத்த வேண்டும், எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

3 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எடுக்கப் போகிறாராம், வரும் சனிக்கிழமை. அம்மாவும் கூட வருகிறாராம், "வரேன், ஆனா ஆமென் சொல்ல மாட்டேன்" என்ற நிபந்தனையோடு.

நான் சொன்ன "செல்லும்" அப்படியே இருக்கிறது, முதலாவது முதலாவதுதான். அதற்காக உங்களோடு சண்டை போடப் போவதில்லை, எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. கல்யாணப் பதிவுக்குப் பழைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டாலும் கேட்பார்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஞானத்தாய் யார் என்று அம்மாவிடம் இந்த வாரமே கேட்டு வையுங்கள்.

மாற்றுத் துணி இரண்டு செட், பெரிய துண்டு ஒன்று. துண்டை அம்மா கையில் கொடுத்து கரையில் நிறுத்துங்கள், அவர்தான் துவட்ட வேண்டும். கீழ் மடிப்புக்கு வாஷர் போதாது, சின்ன நட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டியா குளமா என்று சொல்லவில்லையே? தொட்டியென்றால் முதல் நாள் சாயங்காலமே போய்க் காலை வைத்துப் பாசி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.